குனிந்து பேசுகிறார்கள்

ஹென்னிங் பஹ்ரைனைக் காலி செய்தபோது
சோபாவும் குளிர்பெட்டியும் முதல் நாளே போய்விட்டன.
இதைத்தான் யாரும் எடுக்கவில்லை.
எழுபது தினாருக்குக் கேட்டேன்.
ஓட்டத் தெரியுமா என்றார்.
தெரியாது என்றதும் அறுபதாக்கினார்.

சைக்கிள்தான்.
ஆனால் சாய்ந்துகொள்ள வேண்டும்,
பல் டாக்டர் நாற்காலியில் சாய்வதுபோல.
கால்கள் முன்னால், கண்ணுக்கு நேரே.
பெடலிலிருந்து பின்சக்கரம் வரைக்கும்
சாதாரணச் சங்கிலி இரண்டரையை இணைத்த நீளம்.
எண்ணெய் போட்டு முடிக்க
எனக்கு ஒரு முழு ஜெபமாலை ஆகிறது.

லிஃப்டில் படுத்தபடி நுழையாது.
நிமிர்த்தி, இடுப்போடு அணைத்து,
குடித்துவிட்டு வந்த ஆளை ஏற்றுவதுபோல
நாலாம் மாடிக்கு ஏற்றுகிறேன்.
கதவைப் பிடித்துக்கொள்ளும் மொஃபிஸுல்
ஒவ்வொரு தடவையும் கேட்கிறான்:
"சிஸ்டர், முழு சைக்கிள் வாங்கக் காசு போதலையா?"

முதல் வாரம் விழுந்துகொண்டே இருந்தேன்.
விழ அதிக தூரமில்லை, அவ்வளவுதான் ஆறுதல்.
முழங்கையில் நூறு ஃபில்ஸ் காசளவு தோல் போனது.

என் வேலை எக்ஸ்ரே.
நாளெல்லாம் நான் சொல்வது
படுங்கள், மூச்சை அடக்குங்கள், விடலாம்.
அரபியில், இந்தியில், மலையாளத்தில்,
சில நாள் தூக்கத்திலும்.
சாரத்திலிருந்து விழுந்தவன்,
சிமெண்ட் மூட்டை இறக்குபவன்,
அவனுடைய முதலாளி,
யார் முதுகும் திரையில் ஒரே சாம்பல்.
என்னுடையதும் பார்த்தாயிற்று.
நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
இருவர் இருக்கையில் மூன்றாம் ஆள் ஏறியதுபோல் நெருக்கம்.
குனிந்து ஓட்டும் சைக்கிள் கூடாது என்றார் டாக்டர்.
படுத்து ஓட்டுவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

வெயில் நேராக முகத்தில் விழுகிற வண்டி.
அதனால் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே
அராத் கரைப் பாதை.
கடலின் ஈரம் மூக்குக்கண்ணாடியில் படிகிறது.
லாரிச் சக்கரத்தின் ஆணிகள்,
பூனைகளின் முகம்,
காரின் பின்சீட்டில் தூங்காத குழந்தைகள்,
இவைதான் எனக்குச் சமமான உயரம்.
தலைக்கு மேலே ஆரஞ்சுக் கொடி,
நான் இங்கே இருக்கிறேன் என்று
என்னைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு.

நடுரோட்டில் ஒரு பொம்பளை
படுத்துக்கொண்டு போகிறாளே என்று
காரை மெதுவாக்கிப் படம் பிடித்தவர்கள் உண்டு.
அது எப்படியோ மணப்பாடு வரை போய்
நாத்தனார் கூப்பிட்டாள்:
"மைனி, ஒடம்புக்கு முடியலையா?
வீல்சேர்லதான் போறியளாமே."

போன மாதம் பாலத்தருகே
போலீஸ் வண்டி ஓரங்கட்டியது.
இறங்கியவனுக்கு இருபத்துமூன்று இருக்கும்.
நின்றபடி ஏதோ கேட்டான்.
காற்றில் எனக்குக் கேட்கவில்லை.
குனிந்தான், போதவில்லை.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு,
சீருடையில் மண் படாமல்
குந்தி உட்கார்ந்தான்.
இது என்ன, என்றான்.

எந்த மொழியிலும் எனக்குப் பெயர் வரவில்லை.
நாற்காலி என்றேன். பிறகு சைக்கிள் என்றேன்.
கொடிக்கம்பை ஆட்டிப் பார்த்தான்.
பிரேக் உண்டா? இரண்டு உண்டு.
சௌகரியமா?
உட்கார்ந்து பாருங்கள்.
சாலையை இரண்டு பக்கமும் பார்த்தான்,
இடுப்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டான்,
வேண்டாம் என்று தலையசைத்தான்.
அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

பதினாறு வருஷமாகிறது.
இந்த ஊரில் என்னோடு பேச
ஒருவர் குந்தியது அன்றைக்குத்தான்.

அவன் போனதும் விமானம் ஒன்று தாழ வந்தது.
படுத்திருந்ததால் முழு வயிறும் தெரிந்தது.
சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நின்றன.
உள்ளே எத்தனை முதுகுகள்,
எல்லா இருக்கையும் நிமிர்த்தச் சொல்லியிருப்பார்கள்.
பழக்கதோஷத்தில் வாய் முணுமுணுத்தது,
மூச்சை அடக்குங்கள்.
விடலாம் என்று சொல்வதற்குள்
சுவருக்கு அப்பால் மறைந்துவிட்டது.

பெடலில் கால் வைத்தேன்.
முதல் மூன்று மிதி
இப்போதும் தள்ளாட்டம்தான்.